விதை செத்துப்போகலை, தூங்குது!

“அண்ணே, நீங்க கொடுத்தது செத்த விதைண்ணே.”

ஏழு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி பிறந்த வாரத்தில், பக்கத்து வயல் தம்பி அவர் நாற்றங்கால் வரப்பில் நின்று சொன்ன வார்த்தை இது. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட தாங்கியிருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நாற்றங்காலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை. மீதியெல்லாம் வெறும் சேறு.

அந்த வருஷம்தான் அவர் முதல் தடவையாக ரசாயனத்தை விட்டு ஒரு ஏக்கரில் பாரம்பரிய நெல் போட முன்வந்தார். மாதக்கணக்கில் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தது நான். குறுவையில் பூங்கார் அறுத்திருந்தேன். நல்ல மணி, பதர் இல்லை, கலவன் இல்லை. களத்தில் இரண்டு நாள் காயவைத்து, அவருக்குத் தாளடி விதைப்புக்கு 30 கிலோ அளந்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை. “அடுத்த வருஷம் ரெட்டிப்பா திருப்பிக் கொடுத்தா போதும்”னு பெருமையாகச் சொன்னேன்.

அவர் முறைப்படி ஊறப்போட்டார், மூட்டம் போட்டார். மறுநாள் சாக்கைத் திறந்தால் முளை கட்டவில்லை. எனக்குப் போன் பண்ணினார். “மழைக் குளிருக்கு அப்படித்தான் தம்பி இருக்கும், இன்னொரு நாள் மூடி வைங்க”ன்னேன். அதற்கும் மறுநாள், “பரவால்ல, தெளிச்சு விடுங்க, சேத்துல பட்டா முளைச்சிரும்”னேன். இரண்டும் தப்பு. அவர் கடைசியில் விதைக்கடைக்கு ஓடி, சான்று விதை மூட்டை வாங்கி, பட்டம் தவறித் தெளித்தார். அந்த வயலுக்கு மறுபடி உப்பு உரமும் மருந்தும் வந்தன.

அதே விதையில் ஒரு மூட்டை என் வீட்டிலும் இருந்தது. மார்கழி மழையில் ஓட்டுக்கூரை ஒழுகி, மூட்டையின் ஒரு மூலை நனைந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. நாலு நாள் கழித்துப் பார்த்தால் சாக்கைத் துளைத்துக்கொண்டு பச்சைப் பசேலென்று முளை. நனைந்த இடத்தில் ஒரு மணிகூட தப்பவில்லை, அத்தனையும் முளைத்திருந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் தம்பிக்குக் கொடுத்தது செத்த விதை இல்லை, தூங்குகிற விதை. எழுந்திருக்கும் நேரம் வருவதற்கு முன்னால் நான் அதை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

செத்ததா, தூங்குவதா? வீட்டிலேயே பார்க்கலாம்

முளைக்காத விதை என்றால் நமக்கு ஒரே முடிவுதான்: விதை கெட்டது. ஆனால் முளைக்காமல் இருக்க இரண்டு காரணம் உண்டு. ஒன்று, உயிர் போயிருக்கும். இன்னொன்று, உயிர் இருந்தும் உறக்கத்தில் இருக்கும். இதை ‘விதை உறக்கம்’ என்கிறார்கள். நெல்லுக்கு இது ரகத்தைப் பொறுத்து சில நாளும் இருக்கலாம், சில வாரமும் இருக்கலாம், இரண்டு மூன்று மாதம்கூட நீளலாம்.

இரண்டையும் பிரித்தறிய ஆய்வகம் தேவையில்லை. நான் இப்போது ஒவ்வொரு விதை மூட்டைக்கும் செய்வது இதுதான்.

முதலில் சாதாரண முளைப்புச் சோதனை. மூட்டையின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் கை விட்டு எடுத்துக் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு 100 மணி எண்ண வேண்டும். நல்ல மணியாகப் பொறுக்கினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். இப்படி நாலு நூறு. ஈரச்சாக்கில் அல்லது பழைய பருத்தித் துணியில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி, சுருட்டி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் தெளித்து வரவேண்டும். 5-ஆம் நாள் ஒரு தடவை, 14-ஆம் நாள் ஒரு தடவை எண்ண வேண்டும். நெல் சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம். நமக்கும் அதுவே அளவுகோலாக இருக்கட்டும்.

பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முளைத்ததை எண்ணிவிட்டு, முளைக்காததைக் கொட்டிவிடுகிறார்கள். சேதி முளைக்காததில்தான் இருக்கிறது. அதை எடுத்து விரலால் அமுக்கிப் பாருங்கள். கொழகொழவென்று நசுங்கி, பூஞ்சணம் பிடித்து, நாற்றமடித்தால் அது செத்த விதை. நீர் குடித்து உப்பியிருந்தும் கெட்டியாக, சுத்தமாக, நேற்று ஊறப்போட்டது போல் இருந்தால் அது பெரும்பாலும் தூங்கும் விதை.

சந்தேகம் தீரவில்லையா? காய்ந்த விதையில் 25 மணியை எடுத்து, நகத்தால் உமியை மட்டும் மெதுவாக உரியுங்கள். காம்புப் பக்கத்து நுனியில்தான் முளைக்கரு இருக்கிறது. அது நசுங்கக் கூடாது. உரித்த அரிசியை ஈரத்துணியில் வையுங்கள். உமியோடு முளைக்காத நெல், உமி இல்லாமல் முளைத்தால் அந்த விதை உயிரோடு இருக்கிறது. முதல் தடவை இதைச் செய்தபோது மூன்றாம் நாள் காலையில் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தம்பி முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு இந்த 25 மணியை உரித்துப் பார்த்திருந்தால் 30 கிலோ விதையும் ஒரு மனிதரும் போயிருக்க மாட்டார்கள்.

நெல் ஏன் தூங்குது?

தாய்க்கதிரில் மணி முற்றும்போது, இப்போது முளைக்க வேண்டாம் என்று நிறுத்தி வைக்கும் ஒரு சாறு விதைக்குள் சேருகிறது. அறிவியலில் அதற்கு அப்சிசிக் அமிலம் என்று பெயர். முளைக்கச் சொல்லித் தூண்டும் ஜிப்ரலின் என்ற இன்னொரு சாறும் உண்டு. புது நெல்லில் முதலாவதின் கை ஓங்கியிருக்கும். அதோடு உமியும், அரிசியை ஒட்டிய தோலும் முளைக்கருவுக்குக் காற்று தாராளமாகப் போகவிடாமல் தடுக்கின்றன. விதை காய்ந்து கிடக்கக் கிடக்க இந்தத் தடைகள் மெல்ல மெல்லத் தளருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் மூட்டையில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். உள்ளே விதை பக்குவப்பட்டுக்கொண்டிருக்கும்.

இந்தத் தூக்கம் ஒரு குறை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் எங்கள் பெரியப்பா. குறுவை அறுவடை எந்த மாதம்? புரட்டாசி, ஐப்பசி. நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழை எப்போது? அதே ஐப்பசி. கதிர் முற்றிச் சாய்ந்து, வயலில் தண்ணீர் நின்று, ஒரு வாரம் வெயிலே காணாமல் போனால் என்ன ஆகும்? தூக்கம் இல்லாத நெல் கதிரிலேயே முளைத்துவிடும்.

இது எங்கள் ஜில்லா பட்ட பாடு. 1960-களின் நடுவில், தஞ்சாவூரில் தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்த காலத்தில், ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ‘ஆடுதுறை 27’ வந்தது. ஜப்பான் ரகமான நோரின் 10-ஐயும், ஆத்தூர் கிச்சிலிச் சம்பா என்று நாம் சொல்லும் ஜி.ஈ.பி. 24-ஐயும் சேர்த்து உருவாக்கியது. குறுகிய வயது, நல்ல விளைச்சல், குறுவைக்குப் பொருத்தம் என்று காவிரிப் படுகை முழுக்கப் பரவியது. ஆனால் ஜப்பான் வழி நெல்லுக்கு இயல்பாகவே உறக்கம் குறைவு. அறுவடை மழையில் மாட்டியபோது இந்த நெல் கதிரிலும் களத்திலும் முளைத்தது. பெரியப்பா அந்தக் காலத்தை இப்படித்தான் சொல்வார்: “அறுக்கப் போனா நெல்லு இல்லடா, நாத்துதான் இருந்துச்சு. அருவாள வரப்புல வச்சுட்டு உக்காந்துட்டோம்.”

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் மழையில் சாய்ந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது போன்ற நாட்களில் மூழ்கிக் கிடக்கும் கதிர் முளைக்காமல் நாலு நாள் தாக்குப் பிடிப்பதே பெரிய விஷயம். அந்த நாலு நாளை நமக்குக் கொடுப்பது இந்த உறக்கம்தான்.

இன்னொரு சேதியும் சொல்ல வேண்டும். அரிசிக்குச் சிவப்பு நிறத்தைத் தரும் மரபணுவே விதையின் உறக்கத்தையும் கூட்டுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் எல்லாம் சிவப்பரிசி. அதற்காக எல்லாச் சிவப்பு நெல்லும் ஒரே அளவு தூங்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் சிவப்பு நெல்லை அறுத்த கையோடு விதைக்கப் போகிறவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சோதித்துப் பார்க்க வேண்டும்.

எழுப்ப என்ன வழி?

சிக்கல் எந்த இடத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். தையில் அறுத்த சம்பா விதையை ஆனி மாதக் குறுவைக்கோ ஆவணிச் சம்பாவுக்கோ போட்டால் நாலு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். நடுவில் ஒரு கோடை முழுக்க வந்து போயிருக்கும். தூக்கம் தானாகக் கலைந்திருக்கும். புரட்டாசியில் அறுத்த குறுவையை அதே புரட்டாசியில் தாளடிக்குப் போடும்போதுதான் மாட்டுகிறோம்.

ஆகவே முதல் வழி, எழுப்ப வேண்டிய அவசியமே வராமல் பார்த்துக்கொள்வது. தாளடிக்கு வேண்டிய விதையைப் போன தாளடியிலோ சம்பாவிலோ எடுத்து வையுங்கள். குறுவையில் எடுத்த விதையை அடுத்த குறுவைக்கு வையுங்கள். பெரியப்பா சொன்னதும் இதுதான்: “விதைநெல் ஒரு கோடையைப் பார்த்திருக்கணும்டா.” அந்தக் காலத்தில் வைக்கோல் பிரி சுற்றி விதைக்கோட்டை கட்டி வைத்ததும், பத்தாயத்தில் விதைநெல்லைத் தனியாகத் தள்ளி வைத்ததும் சாப்பாட்டு நெல்லோடு கலக்காமல் இருக்க மட்டுமில்லை. விதைக்கு அதன் நாள் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, விதை புதுசு, வேறு விதை கையில் இல்லை, பட்டமும் போகிறது. அப்போது என்ன செய்யலாம்?

*வெயில்.* உலர்ந்த சூடுதான் நெல்லின் தூக்கத்தைக் கலைக்கும் நம்பகமான வழி. பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் உள்பட, விதை ஆய்வகங்களில் புது நெல்லை 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஐந்து நாள் வரை வைத்து எழுப்புகிறார்கள். நம்மிடம் அந்தப் பெட்டி இல்லை, வெயில் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஈர நெல்லை உச்சி வெயிலில் சிமெண்டுக் களத்தில் போட்டால் தூக்கம் கலையாது, உயிர்தான் போகும். முதலில் காலை வெயிலிலும் சாயங்கால வெயிலிலும் மட்டும் போட்டு ஈரப்பதத்தை 13 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் ‘கடக்’கென்று உடைய வேண்டும், மாவாக நசுங்கினால் ஈரம் இருக்கிறது. அப்படிக் காய்ந்த பிறகு, தார்ப்பாயில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, அரை மணிக்கு ஒரு தடவை கிளறிவிட்டு, நல்ல வெயிலில் நாலைந்து நாள் போடலாம். சாயங்காலம் ஆறவிட்டு மூட்டை கட்ட வேண்டும்.

*அடுப்படிப் பரண்.* ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு கிலோ, ஐந்து கிலோ என்று கொஞ்சமாக வைத்திருக்கும் அரிய ரகங்களைத் துணிப்பையில் கட்டி, விறகடுப்புக்கு மேலே பரணில் நெருப்பு படாத உயரத்தில் தொங்கவிடுங்கள். கதகதப்பும் காய்ச்சலும் சேர்ந்து விதையைப் பக்குவப்படுத்தும். புகை வண்டையும் அண்டவிடாது. ஏக்கர் கணக்கு விதைக்கு இது ஆகாது.

*ஓடுகிற தண்ணீர்.* முன்பெல்லாம் விதை மூட்டையை வாய்க்காலில் கட்டிப்போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுவார்கள். உமியில் இருக்கும் தடைச்சாறு கொஞ்சம் கரைந்து போகும், விதைக்குக் காற்றும் கிடைக்கும். வாய்க்காலில் தண்ணீர் இல்லாவிட்டால் தொட்டியில் ஊறப்போட்டு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். லேசான தூக்கம் இதில் கலையும். ஆழ்ந்த தூக்கம் கலையாது.

*கூட்டிப் போடுவது.* சோதனையில் 60 முளைத்து, மீதி கெட்டியாக இருந்தால், விதை அளவைக் கூட்டித் தெளித்துச் சமாளிக்கலாம். ஆனால் பின்னால் எழுந்திருக்கும் விதையால் நாற்று ஏற்ற இறக்கமாக வரும். 30, 40-தான் முளைக்கிறது என்றால் தெளிக்காதீர்கள். அந்த விதையை வைத்திருந்து, தாளடிக்கு வேறு பழைய விதை தேடுங்கள்.

பஞ்சகவ்யம், அமிர்தகரைசல், கோமியம் எழுப்புமா என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். நானும் ஆசையாகத்தான் போட்டுப் பார்த்தேன். புது பூங்காரை மூன்றாகப் பிரித்து, ஒன்றை வெறும் தண்ணீரிலும், ஒன்றை மூன்று சதவீதப் பஞ்சகவ்யக் கரைசலிலும் ஊறவைத்தேன். மூன்றாவதை ஐந்து நாள் வெயிலில் போட்டுப் பிறகு தண்ணீரில் ஊறவைத்தேன். முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வெயில் பார்த்ததுதான் முந்திக்கொண்டது. எழுந்த விதைக்குப் பஞ்சகவ்யம் நல்ல ஊக்கம், நாற்று வேர் பிடித்துத் திடமாக வருகிறது. அதை நான் விடவில்லை. ஆனால் தூங்கும் விதையை எழுப்பும் என்று சொல்லி ஒரு புது உழவரை நம்பவைக்க மாட்டேன். இயற்கை வேளாண்மையில் இருக்கிறோம் என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஒரே குடத்திலிருந்து மருந்து ஊற்ற முடியாது.

விதைப் பண்ணைகளில் வெடியுப்புக் கரைசலிலோ, மிகவும் நீர்த்த நைட்ரிக் அமிலத்திலோ ஊறவைத்து எழுப்புவதும் உண்டு. வேலை செய்கிற முறைதான்; அதிலிருக்கும் நைட்ரேட்டு விதைக்கு ‘எழுந்திரு’ என்று சைகை காட்டுகிறது. கோமியத்தில் இருப்பது யூரியா, அதே பொருள் இல்லை. அதனால் அது இதற்கு மாற்றும் இல்லை. நைட்ரிக் அமிலம் பொற்பட்டறையில் தங்கம் சுத்தம் செய்யப் பயன்படும் சரக்கு. கையையும் கண்ணையும் பொசுக்கிவிடும். குழந்தைகள் திரியும் வீட்டுக் களத்துக்கு அது வேண்டாம். நாள் கொடுத்தால் தானே எழுந்திருக்கும் விதைக்கு அமிலம் எதற்கு?

கொழிஞ்சி தூங்குவது வேற மாதிரி

நெல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் போதாது. அறுவடை முடிந்த தரிசில் பசுந்தாளுக்குக் கொழிஞ்சி தெளிக்கிறோம். பாதிக்கு மேல் முளைப்பதில்லை. அதுவும் தூக்கம்தான், ஆனால் காரணம் வேறு. நெல் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தூங்குகிறது. கொழிஞ்சிக்குத் தோல் கெட்டி, தண்ணீரே உள்ளே போவதில்லை. ராத்திரி முழுக்க ஊறப்போட்டுக் காலையில் பாருங்கள். உப்பாமல் போட்டது போட்டபடி கிடக்கிற விதை எல்லாம் இந்த வகை.

இதற்கு வெயிலும் வேண்டாம், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். தோலில் ஒரு கீறல் போதும். கொழிஞ்சி விதையோடு சம அளவு கரடான ஆற்றுமணலைச் சேர்த்து, சாக்கில் போட்டுத் தரையில் தேய்க்கலாம். உரலில் போட்டு உலக்கையால் பட்டும் படாமலும் குத்தலாம். விதை உடையக் கூடாது, பளபளப்பு மங்க வேண்டும், அதுதான் பதம். பிறகு மறுபடி ஊறப்போட்டால் எது உப்புகிறது என்று கண்ணால் பார்க்கலாம். உளுந்து, பயறில் ‘கல்’ என்று சொல்லும் ஊறாத மணிகளும் இதே வகைதான்.

நெல்லை இப்படித் தேய்க்காதீர்கள். உமி உடைந்த நெல் சேற்றில் அழுகிப்போகும். எந்த விதை எப்படித் தூங்குகிறது என்று தெரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும்.

தூக்கத்தைத் தொலைச்சிடாதீங்க

அவசரத்துக்கு எழுப்புவது ஒன்று. தூக்கமே இல்லாத நெல்லாக மாற்றிவிடுவது வேறொன்று. புது விதையை உடனே போட்டு, அதில் முந்தி முளைத்த நாற்றை மட்டும் நட்டு, அதிலேயே மறுபடி விதை எடுத்து, இப்படியே நாலைந்து போகம் போனால் நாம் என்ன செய்கிறோம்? தூங்காத செடிகளாகப் பார்த்துப் பொறுக்குகிறோம். முளைப்பு நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவோம். ஒரு ஐப்பசி மழையில் கதிர் சாயும்போதுதான் எதைத் தொலைத்தோம் என்று தெரியும். நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கொடுத்த குணம் அது.

அதே தூக்கத்தால் விதை வயலில் ஒரு தொந்தரவும் வரும். குறுவையில் கொட்டிய மணி தாளடிச் சேற்றில் தூங்கிக் கிடந்து, பின்னால் முளைத்து, அடுத்த ரகத்தில் கலவனாக நிற்கும். நீங்கள் ஒரு தடவை தண்ணீர் வைத்து முளைக்கவிட்டு உழுதாலும், தூங்கியது தப்பிவிடும். அதனால் விதைக்கு விடும் வயலில் ரகத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். தலைக்கதிர் வந்ததும் கலவன் பார்த்துப் பிடுங்குவதை விடாதீர்கள்.

விதை கொடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை

ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அண்ணன் நடத்திய நெல் திருவிழாவில் விதை வாங்கியவர்களில் நானும் ஒருவன். இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த ஒரு ஏற்பாட்டில் எத்தனையோ ரகங்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. அந்தத் திருவிழா நடப்பது கோடை முடிகிற நேரம். தையில் அறுத்த நெல்லுக்கு அதற்குள் தூக்கம் கலைந்திருக்கும். வாங்கியவர் ஆடியிலோ ஆவணியிலோ கவலையில்லாமல் தெளிக்கலாம். நான் அதே விதை கொடுக்கும் வழக்கத்தைப் புரட்டாசியில் செய்தேன். விதை சரியாக இருந்தும் நாள் சரியில்லை.

நம் இயக்கத்தில் விதை கைமாறுவது நம்பிக்கையின் பேரில். பில் கிடையாது, சான்று அட்டை கிடையாது. அதனால் பொறுப்பு கூடுதல். கடையில் வாங்கிய விதை முளைக்காவிட்டால் கடைக்காரரைத் திட்டிவிட்டு வேறு கடைக்குப் போவார்கள். நாம் கொடுத்த விதை முளைக்காவிட்டால் “பாரம்பரிய நெல்லே இப்படித்தான்” என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு மூட்டை விதையால் ஒரு ஊரே பின்வாங்கிவிடும்.

இப்போது என் வீட்டிலிருந்து போகும் ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சீட்டு போகிறது. அதில் நாலு வரி:

1. ரகத்தின் பெயர், எந்தப் பட்டத்தில் விளைந்தது.
2. அறுத்த தேதி.
3. கடைசியாக முளைப்புச் சோதனை செய்த தேதியும், நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கும்.
4. முளைக்காத மணி கெட்டியாக இருந்ததா, நசுங்கியதா.

வாங்குகிறவரும் இந்த நாலையும் கேட்டு வாங்க வேண்டும். ஊறப்போடுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தன் வீட்டில் 100 மணி வைத்துப் பார்த்துவிட வேண்டும். எவ்வளவு பெரிய ஆள் கொடுத்த விதையாக இருந்தாலும் இதை மட்டும் விடக் கூடாது.

என் வயல் பூங்காரை அறுத்த நாளிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சோதித்து, சுவர்க் காலண்டரிலேயே எழுதி வருகிறேன். முதல் சோதனையில் கால்வாசிகூடத் தேறாது. ஒரு மாதத்தில் பாதி வரும். ஏழாவது வாரத்துக்கு மேல்தான் 80-ஐத் தாண்டுகிறது. மழையில் அறுத்த வருஷம் ஒரு மாதிரி, வெயிலில் அறுத்த வருஷம் ஒரு மாதிரி. இது என் மண்ணின் கணக்கு. உங்கள் மண்ணுக்கும் ரகத்துக்கும் மாறும். நீங்களும் எழுதி வையுங்கள். ஊருக்குப் பத்துப் பேர் இப்படி எழுதினால், எந்த நெல் எத்தனை நாள் தூங்கும் என்ற கணக்கு நம் கையிலேயே இருக்கும். யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

தம்பி விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். அந்த மார்கழியில் முளைத்த மூட்டையின் மூலையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். “தம்பி, விதை மேல தப்பில்ல, என் மேலதான் தப்பு”ன்னு சொன்னேன். அவர் முளையைக் கையில் வாங்கிப் பார்த்தார். “பொழச்சிருக்கேண்ணே”ன்னார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மறுவருஷம் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் வரவில்லை.

போன சித்திரையில் அவராகவே வந்தார். கால் ஏக்கருக்கு மட்டும் விதை கேட்டார். எட்டு கிலோ அளந்து கொடுத்தேன். பையை வாங்கியவர் முதலில் உள்ளே கை விட்டுச் சீட்டை எடுத்து, அறுத்த தேதியைப் படித்தார். விரல் விட்டு மாதத்தை எண்ணினார். பிறகுதான் பையைத் தோளில் போட்டார்.